நாலு பேருக்கு அனுமதி

மகளுக்கு மழைக்காட்டைக் காட்ட வேண்டும் என்று நானும் கணவரும் முடிவு செய்து மூன்று வாரம் ஆகிறது. எங்கே தங்குவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. காட்டுக்குள்ளேயே இருக்கும் விடுதி என்றால் அட்டைப்பூச்சி கடிக்கும், ஆஸ்பத்திரி தூரம். கீழே ஊரில் லாட்ஜ் எடுத்தால் அப்புறம் காட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? காலையில் ஒன்றை முடிவு செய்வேன், மகள் இருமினால் மாலையில் மாற்றிவிடுவேன். கணவர் போனை என் கையில் கொடுத்து, "நீயே பாத்து ரூம் போடு" என்று சொல்லிவிட்டார். பொறுப்பைக் கொடுத்ததைப் போலவும் இருந்தது, தப்பித்துக்கொண்டதைப் போலவும் இருந்தது.

இதே குழப்பம் என் பத்தாவது வயதில் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. அதில் நான் செய்த வேலையை இதுவரை அப்பாவிடம் சொன்னதில்லை.

அப்போது அச்சரப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். அம்மா, நான், ஆறு வயதுத் தம்பி. அந்த வருடம் பள்ளி திறந்த வாரத்தில் எங்களோடு அத்தை மகளும் வந்து சேர்ந்தாள். அத்தைக்குப் பொத்தேரியில் காலேஜ் பையன்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. இரவில் படுப்பதும் அங்கேயே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில். மாமா எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் பெரியவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள்.

அவள் என்னைவிட நாலு மாதம் மூத்தவள். மீன் வாங்கினால் நடுத்துண்டு அவள் தட்டுக்குப் போகும். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "வுட்டுக் குடும்மா, அது பாவம் இல்ல?" என்பார் அப்பா. பாவம் என்பது ஏதோ ஒரு பதவி, அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இதில் கொடுமை என்னவென்றால் அவள் எதையும் கேட்டதே இல்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, "நீ வர்றியா?" என்பாள். அப்படிக் கேட்கிறவளை வெறுப்பதற்கு அதிகம் உழைக்க வேண்டியிருந்தது.

மழைக்காட்டுப் பேச்சைக் கொண்டுவந்தது அப்பாவின் ஆபீசுக்கு வரும் ஒரு லாரி டிரைவர். வால்பாறையிலிருந்து தேயிலை ஏற்றி வருபவர். அங்கே பகலிலேயே காட்டுக்குள் இருட்டாக இருக்கும், இருவாச்சி என்ற பறவை பறந்தால் ரயில் வருவதைப் போலச் சத்தம் கேட்கும் என்றார். மறுநாளே அத்தை மகள் பாடப் புத்தகத்தைப் பார்த்து இருவாச்சியை வரைந்தாள். அப்பா அதை பீரோக் கதவில் ஒட்டினார். என் முதல் ரேங்க் அட்டை பீரோவுக்கு உள்ளே, பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

காலாண்டு லீவில் போவதாக முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து விவரம் சொன்னார்.

"டவுன்ல லாட்ஜ் கீது அண்ணாத்த. எத்தினி பேரு வேணா தங்கலாம். காட்டுக்குள்ள பாரஸ்ட் ஆபீசு பங்களா ஒண்ணு கீது. ஒரே ரூமு, நாலு பேருக்குத்தான் குடுப்பாங்கோ. ஆனா ராவுல யானை வந்து வாசல்ல நிக்கும்."

"யானை வந்து நின்னா இன்னா பண்றது? புள்ளைங்கள வச்சிகினு?" என்றாள் அம்மா.

"அதுக்கு இன்னா அண்ணி, கதவத் தொறக்காம இருந்தா போச்சு. அது இன்னா டீயா கேக்கப் போவுது?"

அப்பா சிரித்தார். "தங்குனா காட்டுக்குள்ளதான் தங்கணும். வேடந்தாங்கலுக்குப் போயி டீக்கடையில உக்காந்துகினா பறவ பாத்த மாதிரி ஆவுமா? அஞ்சு பேருன்னு எழுதிக் கேப்போம். சின்னப் பசங்கதான, குடுப்பாங்க."

எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பமாக இருந்தாலும் எழுதுவது நான்தான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று தெருவில் பெயர். ரேஷன் கார்டுக்கு, கரண்ட் ஆபீசுக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் முதியோர் பென்ஷனுக்கு என்று ஐந்தாம் வகுப்பிலேயே நான் பலருக்காகப் பணிவுடன் வேண்டியிருந்தேன். அன்றும் அப்பா சொல்லச் சொல்ல முதலில் ஒரு நோட்டில் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு தங்குவோர் பெயரும் வயதும். ஐந்தாவதாக அவள் பெயர். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஓரக்கோடு போடுவதற்கு எனக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வெள்ளைத்தாளில் நல்லபடி திருப்பி எழுதும்போது நாலு பெயரோடு நிறுத்தி, அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். பொய் எதுவும் எழுதவில்லை, ஒன்றை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அப்போது உறுதியாக நம்பினேன்.

அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே முழுதும் படித்தாள். பட்டியலில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று நான் முதுகை இறுக்கிக்கொண்டேன். அம்மா தாளை மூன்றாக மடித்து, உறைக்குள் வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள்.

"போயி பொட்டியில போட்டுட்டு வா."

அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நாலு பேருக்கு அனுமதி. பட்டியலில் இல்லாதவர்களைச் சோதனைச் சாவடி தாண்டி விடமாட்டோம் என்றும் அதில் இருந்தது. "அஞ்சு பேரு கேட்டா ஒருத்தர வெட்டிட்டானுங்க பாரு" என்று அப்பா இரண்டு நாள் அரசாங்கத்தைத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அத்தை மகளே முதலில் சொன்னாள். "நான் வரல மாமா. அம்மாகிட்ட போயி இருக்கேன்."

என் நெஞ்சு துள்ளியது. அப்பா மட்டும் "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜன்னலோரம், நடுத்துண்டு எல்லாம் திரும்பி வந்துவிடும். அப்பா வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் வேணாம். நான் வரல. நீங்க நாலு பேரும் போய்ட்டு வாங்க."

"நீ இல்லாம மூணு புள்ளைங்கள நான் எப்படி மேய்க்கிறது?"

"மேய்ங்க. ஒருக்கா மேய்ச்சிப் பாருங்க. அட்டை கடிக்கிற ஊருக்கு நான் வர்லப்பா."

"லெட்டர்ல உன் பேருல்ல கீது?"

"தலைய எண்ணுவானா, பேரக் கேட்டுகினு இருப்பானா?"

நான் அழுதேன். அம்மாவைப் பிரிய முடியாமல் அழுவதாக எல்லோரும் நினைத்தார்கள். அத்தை மகள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதனால் இன்னும் சத்தமாக அழுதேன்.

ரயிலிலும் பிறகு மலை பஸ்ஸிலும் போனோம். தம்பி கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தான். சாவடியில் காக்கிச் சட்டைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு எங்கள் தலைகளைப் பார்த்தார். "ஏனுங்க, நாலு பேருதானுங்களா? குழந்தைகள நாங்க கணக்குல சேக்கறதில்லீங்க. அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே." அப்பா தாளை மடித்துப் பையில் வைத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அத்தை மகளைக் கழற்றிவிடப் பார்த்து அம்மாவை விட்டுவிட்டேன்.

மூன்று நாளும் மழை. ஒரே அறை, நாலு கட்டில். யானை வரவில்லை. இரண்டாம் நாள் காலை, காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து எடுக்க நான் குனிந்திருந்தபோது தலைக்கு மேல் பெரிய சத்தம் போனது. "அங்க பாரு, அங்க பாரு!" என்று அத்தை மகள் என் தோளைப் பிடித்து இழுத்தாள். நிமிர்ந்தபோது கிளை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்பா பூரித்துப்போய் அவள் தலையில் கைவைத்தார். நானும் பார்த்தேன் என்று சொன்னேன். அன்று முழுவதும் அவள் அந்தப் பறவையைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள், நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மூன்று நாள் தனியாக, எங்களை நினைத்துக்கொண்டே, சரியாகச் சாப்பிடாமல் இருந்திருப்பாள். கதவைத் திறந்த அம்மாவின் மூக்கு நுனி கறுத்துத் தோல் உரிந்திருந்தது. எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் செருப்பு கழுவிக் காய வைக்கப்பட்டிருந்தது. அதன் வாரில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. ஏது மணல் என்று கேட்டதற்கு, "எதுருல வூடு கட்டறாங்க இல்ல?" என்றாள். பிறகு அத்தை மகளைப் பார்த்து, "பறவ பாத்தியாடி?" என்று கேட்டாள். முதலில் அவளைத்தான் கேட்டாள்.

அத்தை மகள் குளிக்கப் போனதும் சொன்னேன். "அம்மா, லெட்டர்ல அவ பேர நான்தான் எழுதல."

"தெரியும்" என்றாள் அம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே. "அப்பாகிட்ட சொல்லினு இருக்காத."

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து உருகிப்போனேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஜன்னலோரத்தை நானாகவே விட்டுக்கொடுத்தேன்.

போன வாரம் அம்மாவுக்குப் போன் செய்து, காட்டுக்குள் தங்குவதா, கீழே தங்குவதா என்று கேட்டேன்.

"நீ எதுக்குப் போற? அவரு புள்ளய இட்டுகினு போய்ட்டு வரட்டும்" என்றாள்.

"அது எப்படிம்மா? அவளுக்குச் சோறு ஊட்டணும், மருந்து குடுக்கணும்..."

"அன்னிக்கு நீங்க போன மூணு நாளும் நான் இன்னா பண்ணேன் தெரியுமா? காலைல பஸ் ஏறி மகாபலிபுரம் போயிடுவேன். மூணு நாளும் போனேன்."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல. கடல் பக்கம் மணல்ல உக்காந்துகினு இருப்பேன். பசிச்சா எதனா வாங்கித் தின்னுவேன். பொழுது சாய வூட்டுக்கு வந்துடுவேன். யாருக்கும் சோத்துக்கு ஒலை வைக்கல. நீ எழுதுன லெட்டர்ல நாலு பேரப் பாத்ததுமே எனக்குத் தோணிடிச்சி."

"எங்கள நினைக்கவே இல்லையா?"

அம்மா நேர்மையாக யோசித்தாள். "ரெண்டாவது நாளு மத்தியானம் ஒருக்கா நினைச்சேன்."

போனை வைத்த பிறகும் எனக்கு ஆறவில்லை. அத்தை மகளின் மேல் அந்த ஒரு வருடம் முழுக்கப் பட்டதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இப்போது அம்மாவின் மேல் வந்த அளவு பொறாமை இருந்திருக்காது.