கிரஷர் நின்ற வியாழக்கிழமைகள்

எடைமேடை அண்ணனை நினைத்தால் முதலில் எனக்கு வருவது ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும்தான். காலை ஏழு மணி இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டு மொட்டைமாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. தரை முடிந்ததும் கைப்பிடிச் சுவர், அது முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியின் மூடி. துணியைப் பிழிந்தால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த மாடியில், காற்றில் எவ்வளவு பொடி இருக்கிறது என்று அளக்கும் கருவியை வைக்கப்போகிறார்கள். பொடியை அளக்க ஆள் வருவதற்கு முன்னால் ஒருவர் எதற்காகப் பொடியைத் துடைக்க வேண்டும்? எதிர்வீட்டு வாசலில் நின்ற நான் நேரத்தைப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அது என் பழக்கம். நாளிதழ் ஒன்றின் மாவட்ட நிருபராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து கடைசிக்கு முந்தின பேருந்தைப் பிடித்து, கொட்டாரத்துக்கும் அஞ்சுகிராமத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தெருவுக்குத் தினமும் திரும்புகிறவன். தெருவுக்கு மேற்கே ஒரு பாறைக்குன்று இருந்தது. இப்போது அதில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி ஜல்லியாகவும் எம்-சாண்ட் மணலாகவும் லாரிகளில் ஏறிப் போய்விட்டது. பாறையை உடைத்து அரைக்கும் ஆலையை நாங்கள் கிரஷர் என்போம். மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கிரஷரிலிருந்து வரும் பாறைப்பொடி எங்கள் தெருவில் இறங்கும். காயப்போட்ட துணியை உதறிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். வாழையிலையில் விரலால் பெயர் எழுதலாம். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து, மறுபடியும் கழுவித்தான் சோறு போட வேண்டும்.

எடைமேடை அண்ணனுக்கு அந்தக் கிரஷரில்தான் வேலை. வாசலில் லாரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுவது. எங்கள் தெருவில் கிரஷரின் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். அவருடைய மனைவிக்கு மூச்சிழுப்பு. இடுப்பில் சாவிக்கொத்து செருகுவதுபோல அவர்கள் மருந்துப் பம்பைச் செருகியிருப்பார்கள். இந்த இரண்டில் எதைக் கணக்கில் எடுப்பது என்பதுதான் தெருவின் சிக்கல். நான் முதலாவதை எடுத்தேன்.

தெருவின் சார்பில் மனு கொடுத்தது டெய்லரக்கா. வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைப்பவர். வெள்ளைத் துணி தைக்க வாங்குவதையே நிறுத்திவிட்டவர். கிரஷரின் அனுமதி புதுப்பிக்கப்பட வேண்டிய வருடம் அது. மாசு அளக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் பொறியாளர் வந்தார். நேராகப் பேசினார். “நீங்க சொல்றத வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. ஃபில்டர் பேப்பர்ல பொடி விழணும். அது விழுந்தா போதும்.” கருவியை ஒரு பகல், ஓர் இரவு முழுக்க ஓட்ட வேண்டும். கான்கிரீட் மாடியும் மின்சாரமும் வேண்டும். தெருவில் பாதி ஓடு, பாதி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கிரஷருக்கு நேர் எதிரே மாடி இருந்தது எடைமேடை அண்ணன் வீட்டில்தான். கேட்பதற்கு முன்பே அவர், “நம்ம மாடியில வச்சுக்கிடுங்கோ” என்று சொல்லிவிட்டார். அதையும் குறித்துக்கொண்டேன்.

அவர் மாடியைத் துடைத்த அந்த வியாழக்கிழமை கிரஷர் ஓடவில்லை. பல்சக்கரம் கழன்றுவிட்டதாம். கருவி மறுநாள் காலைவரை ஓடி, கிட்டத்தட்ட வெள்ளையான தாளைக் கொடுத்தது. ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ஒரு வியாழக்கிழமை. அன்று கிரஷர் ஓடியது, ஆனால் பாறையை நொறுக்கும் தாடைகளில் ஒன்று மட்டும். விடிகாலையிலிருந்தே இரண்டு தண்ணீர் லாரிகள் பாதையையும் ஜல்லிக் குவியலையும் நனைத்துக்கொண்டே இருந்தன. அதற்கு முன்னால் அந்த லாரிகளை யாரும் பார்த்ததில்லை. தாள் இரண்டாவது தடவையும் வெள்ளை.

டீக்கடையில் முடிவுக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. “சம்பளம் தாற கைய எவனாவது கடிப்பானாவே?” என்றார் ஆட்டோக்காரர். “கடிக்கல்ல, நக்குகாரு ஆக்கும்” என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் அவரே டீ குடிக்க வந்தார். சிரிப்பு நின்றது. “என்ன மக்கா, நமக்கும் சொன்னா சிரிப்போம்லா” என்றார். கடைக்காரர் கிளாஸ் கழுவத் திரும்பினார். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் நான் ஒரு செய்தி எழுதினேன். இரண்டு ஆய்வு நாட்களிலும் ஆலை வழக்கம்போல் இயங்கவில்லை என்பதை நேரத்தோடு எழுதினேன். ஆலை மேனேஜரிடம் கேட்டு, பராமரிப்புப் பணி என்ற அவர் பதிலையும் போட்டேன். கடைசிப் பத்தியில், ஆலை ஊழியர் ஒருவர் மூலம் ஆய்வு விவரம் முன்கூட்டியே கசிந்திருக்கலாம் என்று அப்பகுதி மக்கள் சந்தேகிக்கின்றனர் என்று ஒரு வாக்கியம். பெயர் இல்லை. மக்கள் சந்தேகித்தது உண்மை. அப்படிப் பார்த்தால் அதில் ஒரு சொல்லும் தவறில்லை.

அதன் பிறகு அவர் வீட்டு வாசலில் யாரும் நின்று பேசவில்லை. அவர் மனைவி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடக்கும் எங்கள் சபையின் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். ஒரு மத்தியானம் அவர்களுக்கு மூச்சு இழுத்தபோது, ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. எடைமேடை அண்ணன் பைக்கில் மனைவியை உட்கார வைத்து, தன்னோடு சேர்த்துச் சேலையால் கட்டிக்கொண்டு ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாவது தடவை நாங்கள் உஷாராக இருந்தோம். கருவியைப் பால் சங்கக் கட்டட மாடியில் வைப்பது என்று முடிவானது. பொறியாளர், டெய்லரக்கா, பால் சங்கச் செயலாளர், நான் – நான்கு பேருக்குத்தான் நாள் தெரியும். எடைமேடை அண்ணனிடம் மூச்சு விடவில்லை. விடவும் முடியாது, அவர் திங்கட்கிழமையிலிருந்தே மனைவியோடு ஆசாரிபள்ளத்தில் இருந்தார். வியாழக்கிழமை விடிந்தது. கிரஷர் நின்றது. தண்ணீர் லாரிகள் வந்தன.

“ஆஸ்பத்திரியில இருந்தா போன் அடிக்கப்பிடாதா?” என்று டீக்கடையில் கேட்டார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. தெரியாத ஒன்றை அவர் எப்படிப் போனில் சொல்வார்? பொறியாளர் கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பல மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். அந்த ஆள் முதல் நாள் மாடியை ஏன் துடைத்தார்? பொறியாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நான்தான் துடைக்கச் சொன்னேன். பழைய பொடி பறந்து உள்ள போனா அளவு தப்பாயிடும். ரொம்ப சுத்தமா செஞ்சிருந்தாரு.”

அடுத்த செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. நான் உள்ளறையில் இருந்தேன். கூட்டம் முடிந்து பெண்கள் முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கூடத்துக்கு வந்தேன். நாற்காலிகளில் வேதப்புத்தகங்கள், மூக்குக்கண்ணாடிக் கூடுகள். ஒரு நாற்காலியில் நீல அட்டை போட்ட நோட்டு. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பாரத்தைச் சொல்ல, மற்றவர்கள் அதை எழுதிக்கொண்டு போய், வாரம் முழுக்க வீட்டில் ஜெபிப்பது எங்கள் சபையின் வழக்கம். ஜெபக் குறிப்பு என்பார்கள். அடுத்தவர் நோட்டைத் திறப்பது தவறு. திறந்தேன். போன வாரப் பக்கம். கையெழுத்து அழகாக இருந்தது. ஒருவருடைய மகளுக்கு நல்ல வரன். ஒருவருடைய மகனுக்குத் துபாய் விசா. அதற்குக் கீழே: வியாழன், பால் சங்க மாடி, பொடி அளக்கும் கருவி, காற்று சரியாக வீச. முந்தைய பக்கங்களைத் திருப்பினேன். இரண்டு வியாழக்கிழமைகளும் இருந்தன. நோட்டின் முதல் பக்கத்தில் உரிமையாளரின் பெயர். பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற கிரஷர் மேனேஜரின் மனைவி.

கூட்டத்தில் அதைச் சொன்னது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பால் சங்கம் என்பதை நான் வீட்டில் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றாள் என் மனைவி. அவளுக்கு ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. “தெருவே பொடி தின்னு சாவுது. ஜெபத்துல சொல்லாம வேற எங்க போய்ச் சொல்ல?”

“அங்க மேனேஜர் வீட்டம்மா இருக்காங்கள்லா.”

“அவங்களும்தான் முழங்கால்ல நிண்ணு ஜெபிச்சாங்க. ஆமென் சொன்னாங்க.” சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்ப அந்த அண்ணன்...” என்றாள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். அடுத்த தடவை வேறொரு தேதியை ஜெபக் குறிப்பாகச் சொல்லிவிட்டால் போதும். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. “ஜெபத்துல பொய் சொல்லவா? உங்க பேப்பர்ல எழுதுங்க. என்னால ஆவாது.” அவள் வேறு மாதிரி செய்தாள். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில், கருவிக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். என்றைக்கு என்று மேனேஜரின் மனைவி பேனாவோடு கேட்டாராம். “தேதி கர்த்தருக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டாளாம்.

நான்காவது தடவை வியாழக்கிழமை அல்ல. கிரஷரின் எல்லாத் தாடைகளும் ஓடின. மறுநாள் பொறியாளர் தாளைக் கழற்றியபோது அது சிமென்ட் சாக்கின் நிறத்தில் இருந்தது. டெய்லரக்கா அதைத் தொடப் போனார். “தொடாதீங்கம்மா” என்று பொறியாளர் கையைத் தடுத்தார். கிரஷரை நிறுத்த ஆணை வந்தது. சில மாதம் கழித்து, அரைக்கும் இடத்துக்குத் தகரக் கூரையும் சுவரும் போட்டு, தண்ணீர் தெளிப்பான்கள் வைத்த பிறகுதான் மறுபடி ஓடியது. பொடி முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தட்டை ஒரு தடவை கழுவினால் போதும் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. தெளிப்பான்கள் எல்லா நாளும் ஓடுகின்றனவா என்று நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாள் கறுத்த அன்று எடைமேடை அண்ணன் தெருவில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை நேராக அஞ்சுகிராமத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். கிரஷர் வேலையை விட்டு, அங்கே ஓர் அரிசி ஆலையில் சேர்ந்திருந்தார். தேடிப் போனேன். உட்காரச் சொன்னார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. இருமல் கேட்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். நோட்டைத் திறந்ததையும் சொன்னேன்.

“எனக்கு முத தடவையே சந்தேகம் உண்டு” என்றார். “எனக்க வீட்டுக்காரி அன்னைக்குக் கூட்டத்துல இருந்தாள்லா. மேனேஜரம்மா எழுதினதப் பாத்துட்டு வந்து சொன்னா.”

“பின்ன ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல?”

“முத தடவ அது வெறும் சந்தேகம். ரெண்டாவது தடவ உறுதியானப்போ பழி எம்மேல வந்தாச்சு, அப்பம் உங்க வீட்டுக்காரி பேரச் சொன்னா யாரு நம்புவா? தப்பிக்கப் பாக்கான்ணுல்லா சொல்லுவீங்க. நீங்களாவது வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மேனேஜர்ட்ட கேட்டீங்க. அவர் சொன்னதப் பேப்பர்ல போட்டீங்க. எதிர்வீட்டுல இருந்த எங்கிட்ட கேக்கல்ல.”

தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், உங்கள் மேல் தவறில்லை என்று எல்லாருக்கும் தெரியும் என்றேன்.

“என்ன சொன்னீங்க?”

“ஜெபக் கூட்டத்துல இருந்து விஷயம் போயிருக்குண்ணு.”

“யாரு சொல்லிப் போச்சுண்ணு?”

அதை மட்டும் நான் தெருவில் சொல்லியிருக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. லாரிச் சீட்டைச் சரிபார்க்கிற குரலிலேயே கேட்டார். “என்னப் பத்தி எழுதும்போதும் நீங்க பேரு போடல்ல. ஆனா தெரு முழுக்க என்னயத்தான் பாத்துது. இப்பமும் பேரில்லாமத்தான் சொல்லியிருக்கீங்க. யாராவது யாரையாவது பாத்தாங்களா?”

வீட்டுக்கு வந்து, அந்தக் கேள்வியை ஒரு சொல் மாற்றாமல் மனைவியிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, போதகர் வழக்கமான அறிவிப்புகளை வாசித்து முடித்ததும், பெண்கள் பக்கத்து மூன்றாவது வரிசையில் அவள் எழுந்து நின்றாள். தேதியைக் கூட்டத்தில் சொன்னது நான்தான், மூன்று தடவையும் நான்தான், அந்த அண்ணனும் அக்காவும் எங்கள் வீட்டால்தான் தெருவை விட்டுப் போனார்கள் என்றாள். குரல் கடைசி வரிசைவரை கேட்டது. சபை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. மேனேஜரின் மனைவி மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். ஜெபிக்கிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.