எங்கள் மஞ்சள் வண்டிக்குக் குளிர் வந்த கதை

போன வருஷம் பங்குனி முடிந்து சித்திரை பிறந்த சமயம். பாதி எங்கள் முதலியார்பேட்டை வீட்டிலும், பாதி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டிலும் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் டீச்சர். அவளுக்குப் பிடிக்காத இடம் வந்தாலும் விடாமல் எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எங்களிடம் ஒரு மஞ்சள் வண்டி இருக்கிறது. இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். விளக்கைப் போட்டால் முன்பக்கம் இரண்டு கண்ணும் திறந்து மேலே எழும்பும். தெருப் பிள்ளைகள் 'தவளை வண்டி' என்பார்கள். என் வீட்டுக்காரர், பந்தயத்தில் ஓடுகிற ஜாதி வண்டி என்பார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அவரிடம் வாங்கிய வண்டி அது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதில் போய் மாதா கோயில் வாசலில் நான் இறங்கினால், சேலை மடிப்பைச் சரிசெய்யக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். எல்லாரும் பார்க்கட்டுமே! பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வண்டியை அவர் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். முன் கண்ணாடி ஓரம், டேஷ்போர்டு மேலே எப்போதும் ஒரு குருத்தோலைச் சிலுவை இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையை அவரே சிலுவையாக மடித்து வைப்பார். வருஷா வருஷம் புது ஓலை.

தை மாசத்தில் ஒரு காலை, காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பக்கவாதம், உயிர் தப்பியதே பெரிது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடாமல் வந்து உடற்பயிற்சி செய்தால் நடை திரும்பலாம், முதல் சில மாசம்தான் முக்கியம், அதை விட்டால் பிறகு கஷ்டம் என்றும் சொன்னார்கள்.

ஆனால் மனிதர் ஆட்டோவில் ஏற மாட்டார். நாலு பேர் தூக்கி உள்ளே வைப்பதைத் தெரு பார்க்கக் கூடாதாம். வாய்தான் பேசவில்லையே தவிர, வீம்பு அப்படியே இருந்தது. இடது கையால் கதவு நிலையைப் பிடித்தார் என்றால் பிடித்ததுதான். பக்கத்து வீட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினோம். அதற்கும் அதே பிடி. கடைசியில் மகள் அந்த மஞ்சள் வண்டியை வெளியே எடுத்தாள். நிலையை விட்டுவிட்டார்.

அவ்வளவு தாழ்ந்த வண்டியில் அவரை உட்கார வைப்பதும் எழுப்புவதும் லேசுப்பட்ட காரியமா! ஆனால் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண், "பாட்டி, இந்தத் தாழ்ந்த ஸீட்ல உட்கார்ந்து எழுந்துக்கறதே பாதி பயிற்சி" என்று சிரித்தாள். நான் பின்னால் முடங்கிக்கொள்வேன். பின்னால் இருப்பது ஸீட் இல்லை, ஸீட் மாதிரி ஒன்று. மாசியிலும் பங்குனியிலும் அப்படித்தான் போய் வந்தோம். கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு முழங்கால் மடங்கியது.

அந்த நேரம் பார்த்து வண்டியின் ஏசி நின்றது. வருஷா வருஷம் குளிர் குறைந்துகொண்டேதான் வந்தது. இப்போது அனல் காற்றே வந்தது. கதவுக் கண்ணாடியை இறக்கலாம் என்றால், இரண்டுமே எப்போதோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டன. ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது அவர் தலை சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும், இந்த வெயிலில் இப்படி மூடிய வண்டியில் கொண்டுவந்தால் பயிற்சி பலிப்பதற்கு முன்னால் ஆள் போய்விடுவார் என்று டாக்டர் சத்தம் போட்டார்.

அன்று சாயங்காலமே மகள் முடிவு சொல்லிவிட்டாள். "மெட்ராஸ்ல ஒருத்தர் இந்த வண்டிய ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்காரும்மா. குடுத்துட்டு நல்ல உயரமான வண்டியா வாங்கிடலாம். அப்பா ரெண்டு நாள் முறுக்கிக்குவாரு, அப்பறம் ஏறிடுவாரு."

"உங்கப்பாவா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து கஞ்சி வைக்கப் போய்விட்டாள். இதை எழுதும்போதும் எழுந்து போகப் பார்த்தாள், நான் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாங்க வருகிறவர் வரட்டும், அதற்குள் ஏசி சரியானால் வண்டி இருக்கும், இல்லையென்றால் போகும் என்று பேசி முடித்தோம். பெரிய பெரிய ஒர்க்ஷாப்பில் எல்லாம் மகள் கேட்டுப் பார்த்தாள். இந்த வண்டிக்கு ஸ்பேர் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டில், ஒரு ஏசி மெக்கானிக் கிடைத்தார். நாற்பது வயசு இருக்கும். நெற்றி நிறைய விபூதி. வாய் நிறையப் பேச்சு.

"இந்தத் தவளைய நான் பீச் ரோட்ல பார்த்துருக்கேன் ஆயா!" என்றார் வந்ததும்.

"யாருக்கு யாரு ஆயா? உன் தலையிலயும்தான் நரை தெரியுது" என்றேன்.

"சரி, அக்காவாவே இரு. ரெண்டே நாள்ல உன் வண்டிக்குள்ள ஊட்டியக் கொண்டாந்து வெக்கிறேன்."

பேச்சுக்கு ஏற்ற வேலையும் செய்தார். கேஸ் போகிற பழைய ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதே அளவுக்குப் புதிதாகச் செய்து மாட்டினார். கேஸ் நிரப்பி வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்தார். பானெட்டைத் திறந்து, "தொட்டுப் பாரு அக்கா" என்றார். குழாய் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. வண்டிக்குள் கையை விட்டேன். சோற்றுப் பானை ஆவி மாதிரிச் சூட்டுக்காற்று அடித்தது.

மெக்கானிக்கின் முகம் வாடிவிட்டது. "வெளிய குளிருது, உள்ள கொதிக்குது. எனக்கே ஒண்ணும் புரியலையே!"

என் வீட்டுக்காரர் வாசல் நாற்காலியில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று 'ஆ, ஆ' என்று சத்தம் கொடுத்தார். இடது கையால் வண்டியின் முன் கண்ணாடியைக் காட்டினார். பிறகு காற்றில் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. சிலுவை! அப்புறம் விரலைக் கீழ்நோக்கிக் குத்திக் குத்திக் காட்டினார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். வண்டிக்குக் கண்பட்டிருக்கிறது, மந்திரித்த தீர்த்தம் தெளிக்கச் சொல்கிறார்! ஓடிப்போய் மாதா படத்தடியில் இருந்த புட்டியை எடுத்துவந்து முன் கண்ணாடி, ஸீட், சக்கரம் என்று ஒன்று விடாமல் தெளித்தேன். மெக்கானிக் மேலும் கொஞ்சம் பட்டது. "எனக்கும் தேவைதான்" என்று அவர் தலையைக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் சிலுவை, மறுபடியும் கீழே விரல்.

கீழே என்றால் எனக்கு வேறு அர்த்தம் பட்டது. மண்ணுக்குள் போகிற நேரம் வந்துவிட்டது, சாமியாரை அழைத்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தைத் தைலம் பூசச் சொல்கிறார். "அப்பா சாமியாரக் கேக்குறாருடி" என்று மகளைப் பார்த்து அழுதேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று இரவு கஞ்சி குடிக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார். பேச்சில் பழைய துள்ளல் இல்லை. "இது வெள்ளைக்காரன் ஊரு வண்டி. குளிருக்கு ஹீட்டர் வெச்சிருக்கான். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவுல உள்ள ஒரு சின்னக் கதவு. அது பாதியில நின்னுடுச்சுன்னு நெனைக்கிறேன். பார்க்கணும்னா டேஷ்போர்டு மொத்தத்தையும் கழட்டணும். பழைய பிளாஸ்டிக். அப்பளம் மாதிரி உடைஞ்சாலும் உடையும். உடைஞ்சா வேற கிடைக்காது."

"வேணாம். உடைஞ்ச வண்டிய யாரு வாங்குவாங்க?" என்றாள் மகள். அவள் சொன்னதும் நியாயம்தான். உடைந்தால் வண்டியும் இல்லை, அதை விற்று வேறு வாங்கவும் வழி இல்லை.

எனக்கோ, என் வீட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் வந்தது. அந்த வண்டி போனால் அந்தக் கை நிலையை விடாது. "கழட்டுப்பா. உடைஞ்சா என் தலையெழுத்து, உன் மேல பழி இல்ல" என்றேன். மகள் கோபித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

நான் ஷெட்டிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் ஒவ்வொரு திருகாணியாக எடுத்தார். பிளாஸ்டிக் 'டிக்' என்று சத்தம் போடும்போதெல்லாம் நான் 'மாதாவே' என்பேன், அவர் 'முருகா' என்பார். எந்தச் சாமி கேட்டதோ, ஒன்றும் உடையவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டி, டேஷ்போர்டை அலுங்காமல் தூக்கி வெளியே வைத்தார். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி. அதைத் திறந்து கையை விட்டவர் அப்படியே நின்றார்.

"ஆயா, இங்க வா."

இந்தத் தடவை நான் ஆயாவுக்குக் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். காய்ந்து பழுத்த ஓலை. ஒன்று, அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே நொறுங்கிப்போனவை. எல்லாம் சிலுவை மடிப்பு. அத்தனை வருஷத்துக் குருத்தோலையும் அந்தச் சின்னக் கதவின் இடுக்கில் அடைத்துக்கொண்டு, அதை மூடவிடாமல் பிடித்திருந்தன.

மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. பழசைக் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். விபூதிப் புதன் அன்று எங்கள் நெற்றியில் பூசுகிற சாம்பலை அதை எரித்துத்தான் எடுப்பார்கள். இந்த மனிதர், புது ஓலை வைக்கும்போது பழசை என்ன செய்வது என்று தெரியாமல், முன் கண்ணாடி அடியில் காற்று வருகிற இடுக்கில் விரலால் தள்ளிவிட்டிருக்கிறார். வண்டிக்குள்ளேயே இருக்கட்டும், காவலாக இருக்கட்டும் என்று! முன் கண்ணாடி, சிலுவை, கீழே தள்ளின விரல். முந்தின நாள் பூராவும் மனிதர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தீர்த்தம் தெளித்தேன், சாவுக்கு அழுதேன்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய்த் துணி பக்கத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. முருகன் படத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்த புதுத் துண்டை எடுத்து விரித்தார். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, ஓலைத் துகள்கூடச் சிந்தாமல் ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தார். "உங்க கோயில் ஓலைதான? எங்க தெருவுல குருத்து ஞாயித்துக்கு ஊர்வலம் வருமே. தூக்கிப் போடுற சாமான் இல்ல இது" என்று முடிச்சுப் போட்டு என் மடியில் வைத்தார். யாரோ ஒருவருடைய சாமியை அப்படித் தொட அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சின்னக் கதவு இப்போது சரியாக மூடியது, டேஷ்போர்டைத் திரும்ப மாட்டியதும் வண்டிக்குள் குளிர் வந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் முன்னால் முடிச்சை அவிழ்த்தேன். "இதத்தான் சொன்னீங்களா? விரலால தள்ளி விட்டீங்களா?"

என்னைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். இடது கை விரலால், கள்ளப் பிள்ளை மாதிரி, மெதுவாகக் கீழே குத்திக் காட்டினார். பிறகு தீர்த்தம் தெளிக்கிற மாதிரி என்னை நடித்துக் காட்டி, கோணிய வாயோடு சிரித்தார். தைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நானும் சிரித்தேன். மகளும் வந்து சிரித்தாள். அன்றைக்கே மெட்ராஸ்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த முறை கோரிமேடு போகும்போது நல்ல உச்சி வெயில். வண்டிக்குள் சில்லென்று காற்று. சிக்னலில் நிற்கும்போது அவர் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, காற்று வருகிற இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை தொட்டாலும் கிள்ளினாலும் தெரியாமல் கிடந்த கை. கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் முடங்கியிருந்த என் பக்கம் தலையைத் திருப்பி மேலும் கீழும் ஆட்டினார். எனக்குச் சந்தேகம். "குளிருதா? அந்தக் கையிலயா?" மறுபடியும் ஆட்டினார். மகள் பச்சை விளக்கு விழுந்ததுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே கொன்றுவிட்டார்கள்.

இந்த வருஷம் விபூதிப் புதனுக்கு முன்னால் அந்த ஓலை முடிச்சைக் கோயிலில் சேர்த்தேன். புதன்கிழமை, என் வீட்டுக்காரர் தடியை ஊன்றித் தானே நடந்துபோய்ச் சாமியார் முன்னால் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கினார். திரும்பும் வழியில், ஓலை கட்டியிருந்த துண்டைத் துவைத்து எடுத்துவந்திருந்தேன், அதைத் திருப்பிக் கொடுக்க மெக்கானிக் ஷெட்டில் வண்டியை நிறுத்தினோம். "இன்னா தாத்தா, இன்னிக்கி நம்ம ரெண்டு பேரு நெத்தியும் ஒண்ணா கீது!" என்று மெக்கானிக் அவர் தோளைத் தட்டினார்.

பேச்சு இன்னும் முழுசாக வரவில்லை. 'வா', 'போ', 'காபி' வந்திருக்கிறது, மற்றதெல்லாம் இன்றும் கையால்தான். ஆனால் அவர் கையை நீட்டினால் நான் இப்போதெல்லாம் தீர்த்தப் புட்டிக்கு ஓடுவதில்லை. என் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த விரல் எங்கே காட்டுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.