கண்ணாடிக் கதவுக்கு வெளியே சப்பாத்துகள்

நேற்று வாங்கிய சீடி பிளேயரைப் பொருத்தி, அம்ப்ளிஃபையர் மெல்லச் சூடேறியபோது எழுந்த மணம், எங்கள் பனிநாட்டுப் புறநகரான குரோருட்டில் இப்போது உடற்பயிற்சிக்கூடமாகிவிட்ட பழைய ஹைஃபை கடையின் பின்னறைக்கு என்னைக் கொண்டுபோனது. தடித்த கம்பளம், ஒற்றைச் சோபா, அப்போதைய என்னைவிட உயரமான ஸ்பீக்கர்கள். கண்ணாடிக் கதவைச் சாத்தினால் வெளியே பனி தள்ளும் வண்டியின் இரைச்சல்கூட அடங்கிப்போகும். வாங்கும் எண்ணமே இல்லாமல், தன் நாதஸ்வர சீடியை அங்கே ஒருமுறை கேட்டுவிடவேண்டும் என்றுதான் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

"சப்பாத்தைக் கழட்டு பிள்ளை, உள்ளுக்குக் கம்பளம் விரிச்சிருக்கு."

"அப்பா, இது வீடில்லை, கடை!"

அப்பா கேட்கவில்லை. கட்டைவிரல் எட்டிப்பார்க்கும் காலுறையோடு உள்ளே போனார். கடைக்காரரின் பார்வை அந்த விரலில் நின்றதும் எனக்கு அழுகை முட்டியது. இனி எங்களை உள்ளே விடமாட்டார் என்றே நினைத்தேன். அவரோ அப்பாவின் கையிலிருந்த சீடியை வாங்கிப் போட்டார்.

"மூச்சு எடுக்கிறதுகூடக் கேக்குது" என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமையும் போகவேண்டும் என்று நின்றார். வழியெல்லாம் அப்பாவுக்குப் பத்தடி பின்னால்தான் நானும் போனேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பனி உருகி ஈரமாக, ஒரு சோடிப் பெரிய சப்பாத்து ஏற்கெனவே கிடந்தது. உள்ளே கடைக்காரர் கம்பளிக் காலுறையோடு நின்று எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்று அப்பாவுக்கு முந்தி நான்தான் கழற்றினேன்.