கொள்ளிக்கு ஒரு பிள்ளை

முப்பத்தொரு நாள் விடுமுறைக் கடிதத்தை எழுதியது நான்தான். என் கை, என் மை. ஆகவே இந்தக் கோபத்தில் பாதி எனக்குச் சொந்தம். மற்றப் பாதியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இத்தனை வருடமாகச் சுமந்து திரிகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. சாவகச்சேரிக்குப் பக்கத்தில், பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் ஒரு பிள்ளைகள் இல்லம். எனக்கு இருபத்தெட்டு வயது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு வெளியே குடும்பம் தேடிக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தொட்டிலைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். கைக்குழந்தை இல்லையென்றால் முகம் விழுந்துவிடும். பிறகு கண் மெல்லப் பெரிய பிள்ளைகளிடம் போகும். அது வேறு கண். மாட்டின் பல்லைப் பார்க்கிற கண். "இவளுக்குச் சமைக்கத் தெரியுமோ?" "இவன் மாடு அவிட்டுக் கட்டுவானோ?" பதின்மூன்று வயது தாண்டிய பிள்ளைக்குத் தாய் தகப்பன் தேவையில்லை, எசமான் போதும் என்று இந்த ஊருக்கு யார் சொன்னது?

ஒருநாள் ஒரு பெரியவர் சைக்கிள் கரியரில் பலாப்பழம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். ஐந்து மைல் தள்ளி வீடு. வாழைத்தோட்டம், கொஞ்சம் வயல். ஆண்பிள்ளைகள் இருவர், ஒருவன் ஜெர்மனியில், ஒருவன் கனடாவில். இருவரும் அகதிப் பத்திரத்தோடு, திரும்பி வரவே முடியாதபடி. பழத்தை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க, சொன்னார்:

"வளந்த பொடியன் ஒருத்தன் இருந்தால் சொல்லும் பிள்ளை. எனக்கு எழுபது வயசு. கைப்பிள்ளையைத் தூக்கி வளக்க எங்கை நேரம்?"

"தோட்டத்துக்கோ?" என் குரலில் முள் இருந்திருக்கும்.

"தோட்டத்துக்குக் கூலிக்கு ஆள் வரும். சாப்பிடேக்கை எதிரை இருக்கத்தான் ஆளில்லை."

எங்களிடம் பதினைந்து வயதில் ஒருவன் இருந்தான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவன். தனியாக. தகப்பன் ஒரு தேநீர்க்கடையில் நின்றவர் என்பதற்கு மேல் அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்தக் கடை எரிந்துவிட்டது. தாயும் தகப்பனும் அதற்குள். கப்பலில் யாரோ இரங்கிக் கொடுத்த தகரப் பெட்டி ஒன்றுதான் அவனுடைய முழு வரலாறு.

சனிக்கிழமை போவான், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவான். பெரியவரை ஐயா என்றான். அவருடைய மனைவியை அம்மா என்றான். திங்கட்கிழமைகளில் அவன் பேச்சிலே வாழைக்குட்டி நட்ட கதையும் மிளகாய் பொரித்த மணமும் இருக்கும். பிள்ளையைக் குடும்பத்தில் நிரந்தரமாக ஏற்பதற்கு எங்களிடம் ஒரு பத்திரம் உண்டு. கணவன் மனைவி இருவரும் ஒப்பமிட வேண்டும். பெரியவர் முதல் மாதமே போட்டுவிட்டார். அதற்குக் கீழே இருந்த கோடு வெறுமையாகக் கிடந்தது.

"தம்பியைக் கேட்டுச் சொல்லுறன்" என்பார் அம்மா. அவனுக்கென்று தனித் தலையணைக்கு உறை தைத்து வைத்திருந்தவர்தான். ஆனாலும் தம்பியைக் கேட்க வேண்டும்.

தம்பி, வீதி வேலைகளை மேற்பார்த்துப் பென்சன் எடுத்த ஓவசியர். அவர் விசாரித்தார்.

"என்ன ஆக்கள் எண்டு தெரியாமல் எப்பிடி வீட்டுக்குள்ளை எடுக்கிறது? நீர் படிச்சனீர். உமக்கு நான் சொல்லத் தேவையில்லை."

சாதி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே மாட்டார். வெற்றிலையைப் போலக் கொடுப்புக்குள் அடக்கிக்கொள்வார். எட்டு மாதம் விசாரித்தார். எரிந்துபோன கடையிடமா, கடலிடமா, யாரிடம் விசாரித்தாரோ தெரியாது. கோடு வெறுமையாகவே கிடந்தது.

பிறகு ஒரு காலை, வாடகைக் காரில் ஓவசியரே வந்து இறங்கினார்.

"அத்தான் விடியப்புறம் மோசம் போட்டார். பொடியனை ஒருக்கா விடும் பிள்ளை. கொள்ளி வைக்க ஆளில்லை."

மக்கள் இருவரும் வர முடியாது. ஊரில் எஞ்சியிருந்த ஒரே பெறாமகன், அண்ணன் மகன், அவனுக்கு மனைவி எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அப்படியிருக்கும்போது கணவன் கொள்ளி தொடக்கூடாது. ஓவசியருக்கு, செத்தவருடைய மனைவியின் தம்பி என்பதால், முறையில்லை.

"எட்டு மாசமா விசாரிச்சனீங்களெல்லோ," என்றேன். "என்ன ஆக்கள் எண்டு இப்ப தெரிஞ்சிட்டுதோ?"

அவர் கார்க் கதவின் பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். "குருக்களைக் கேட்டனாங்கள். பரவாயில்லை எண்டிட்டார்."

எட்டு மாதம் அவிழாத முடிச்சு, பறைமேளம் வந்து சேருவதற்குள் அவிழ்ந்துவிட்டது.

அந்த இடத்தில் நான், முதலில் அம்மா ஒப்பமிடட்டும் என்று பத்திரத்தை நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவரிடம் பேனையைக் கொடுப்பதா என்று கூசினேன். அதைவிட, நானும் இந்த மண்ணில் முளைத்தவள்தானே. கொள்ளி வைத்தவன் பிள்ளை, அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும் என்று நம்பினேன். நெருப்பைவிடப் பெரிய ஒப்பம் உண்டா? மேசையில் இருந்து, முப்பத்தொரு நாள் விடுமுறை என்று எழுதிக் கொடுத்தேன்.

அவன் "ஐயாவோ?" என்று மட்டும் கேட்டான். முகத்தைக் கழுவிக்கொண்டு காரில் ஏறினான்.

நானும் செத்தவீட்டுக்குப் போனேன். அவனுக்கு மொட்டையடித்து, ஈர வேட்டி கட்டி, பந்தலின் நடுவே இருத்தியிருந்தார்கள். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொட்டை அடிச்சாப்போலை பாக்க, அவரின்ரை மண்டை அப்பிடியே இருக்குது."

"மூக்கைப் பார். அச்சு."

ஒரு சவரக்கத்தி எட்டு நிமிடத்தில் உறவு செய்துவிட்டது. தோளில் குடத்தோடு அவன் நடந்தபோது, சுடலைக்குப் போகாத நாங்கள் வாசற் படலையோடு நின்றோம். அம்மா அவனுடைய முதுகைப் பார்த்து "என்ரை ராசா" என்றார். செத்தவரையா, போகிறவனையா? போகிறவனைத்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

சாம்பல் அள்ளினான். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கு இருந்தான். முப்பத்தோராம் நாள் கீரிமலையில், உப்புக் காற்றில், அந்தியேட்டிக் கிரியை செய்தான். அன்று பின்னேரம் எங்கள் படலையில் கார் நின்றது. புது வேட்டியோடு இறங்கினான். கையில் வாழையிலையில் கட்டிய வடை. தலையில் ஒரு மாதத்து மயிர், அறுத்த வயல் மாதிரி.

"எல்லாம் வடிவாச் செய்தவன்," என்றார் ஓவசியர், காருக்குள் இருந்தபடியே. "நல்ல பொடியன்."

"அம்மா என்ன சொன்னவ?"

"அக்கா இப்ப ஒண்டும் யோசிக்கிற நிலையிலை இல்லை. துடக்குக் கழிஞ்சுது. இனி என்ன?"

இனி என்ன. துடக்கோடு, அந்தச் சாவுத் தீட்டோடு சேர்த்து அவனையும் கழித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் சைக்கிளில் போனேன். ஓவசியர் படலைக்கு உள்ளே, நான் வெளியே.

"பிள்ளை எண்டு விட்டால் நாளைக்கு வீடு வளவிலை உரித்துக் கேப்பான். வெளியிலை இருக்கிற மருமக்கள் எனக்குக் கடிதம் போடுவாங்கள், ஏன் விட்டனீங்கள் எண்டு."

"கொள்ளி வைக்கேக்கை பிள்ளை. சோத்துக் கோப்பை வைக்கேக்கை ஆரோவோ?"

"சத்தம் போடாதையும். அக்கா துக்கம் காக்கிறா."

கதவுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையின் ஓரம் தெரிந்தது. அசைந்தது. வெளியே வரவில்லை. நான் திரும்பி மிதித்தேன். அந்த ஐந்து மைலும் நான் பேசிய சொற்களை வீதி இன்னும் வைத்திருக்கும்.

அவன் வழமைபோலப் பள்ளிக்கூடம் போனான். வேட்டியை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தான். சமையலறைச் சுவரில் தொங்கிய கலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கரியால் கோடு இழுத்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம், காலை, அதே கார்.

"இண்டைக்கு மாசியம், அத்தான்ரை மாதத் திவசம்," என்றார் ஓவசியர். "கொள்ளி வைச்சவன்தான் செய்ய வேணுமாம், குருக்கள் பிடிவாதமா நிக்கிறார். பின்னேரம் கொண்டுவந்து விடுறன்."

"பிள்ளை இரவல் குடுக்கிறேல்லை இஞ்சை. உலக்கை, சுளகு எண்டால் பக்கத்து வீட்டிலை கேளுங்கோ."

எனக்குப் பின்னால் தகரம் நிலத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. அவன் குளித்து, அந்த வேட்டியைக் கட்டி, பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"வாறன்," என்றான். "பெட்டியோடை வாறன்."

"ஒரு நாளைக்கு என்னத்துக்குத் தம்பி பெட்டி?"

"ஒரு நாளைக்கு எண்டால் வேறை ஆளைப் பாருங்கோ."

ஓவசியர் என்னைப் பார்த்தார், நான் சொல்லிக் கொடுத்தேன் என்பதுபோல. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. கார் வெறுமையாகத் திரும்பியது.

அவன் படலையடியில் பெட்டிமேல் இருந்தான். பத்து மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"விரதம் அக்கா. ஐயாவின்ரை மாசியமெல்லோ."

கலண்டரில் இழுத்த கோடுகள் அப்போதுதான் எனக்கு விளங்கின. அந்த வீடு அவனைக் கழித்துவிட்ட பிறகும் அவன் அந்த மனிதருக்குப் பிள்ளையாக நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் பெரியவர்கள். நாங்கள் முறை தெரிந்தவர்கள்.

வெயில் உச்சியைத் தாண்டியபோது கார் மறுபடி வந்தது. பின் இருக்கையில் அம்மா. துக்க வீட்டை விட்டு வெளிக்கிட்ட பெண்ணை வீதி முழுதும் பார்த்திருக்கும். முன் இருக்கையில் ஓவசியர், தலையைத் திருப்பாமல்.

"இலை போட்டபடி கிடக்குது," என்றார் அம்மா. "வா ராசா. பெட்டியையும் எடு."

அவன் எழுந்தான். நான் குறுக்கே போனேன். "முதல் இது, அம்மா."

பத்திரத்தைப் பார்த்ததும் அவன் என்னை வெட்கத்தோடு பார்த்தான். பார்க்கட்டும். ஒரு தடவை கூசியதற்கு அவன்தான் விலை கொடுத்தவன். அம்மா பெட்டியை மடியில் வாங்கி, அதன்மேல் பத்திரத்தை விரித்தார். மேற்கோட்டில் பெரியவருடைய ஒப்பம். அதன்மேல் விரலை வைத்தார்.

"அக்கா, வாசிச்சுப் பாத்துப் போடு," என்றார் ஓவசியர்.

"அவர் வாசிச்சுத்தானே போட்டவர்," என்றார் அம்மா. போட்டார்.

அன்பால் வந்தாரா, காய்ந்துகொண்டிருந்த படையல் இலையால் வந்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு பல வருடம் அவன் அந்த வீட்டில்தான் இருந்தான். கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. ஒரு பிள்ளைக்கு வீடு கிடைக்க ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது, ஒரு குருக்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது. எட்டு மாதம் நான் பேசியதெல்லாம் காற்று.

கார் திரும்பி மறைந்த பிறகும் பிள்ளைகள் படலையை விட்டுப் போகவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை ஒருத்தி கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:

"அக்கா, பொம்பிளைப் பிள்ளையள் கொள்ளி வைக்கேலாதோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

அந்த வருடம் அவளைப் போல வளர்ந்த பெண்பிள்ளைகள் ஆறு பேர் எங்களிடம் இருந்தார்கள். படலையைச் சாத்தினேன். கொளுக்கி விழவில்லை. இன்னொரு தரம், பலமாக, அடித்துச் சாத்தினேன்.