அறுபது நிமிட நாடா

கேசட்டின் பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றிக்கொண்டேதான் நாறும்பூநாதன் பேசுவார். பாளையங்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய ஒலிப்பதிவுக் கடை. நாடாவை முதலுக்குக் கொண்டுவராமல் யாருக்கும் கேசட் கொடுத்ததில்லை. "மிஷின்ல ஓட்டுனா இழுபடும்வே. பைய, கையால சுத்தணும்."

காதோரம் நரைத்த பிறகும் பேச்சு 'பேப்பர் மெரிடியன்' என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றித்தான். ஒரு பாட்டே இருபது நிமிடம் ஓடும். ஊரில் அதற்கு ஏழெட்டு ரசிகர்கள். அத்தனை பேர் வீட்டிலும் அவர் பதிந்து கொடுத்த பிரதி. அதனால் சண்டை வந்தால் தீர்ப்பும் அவருடையதே.

நாலாவது ஆல்பத்தில் பழைய டிரம்மர் விலகிப் புதியவர் வந்தார். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நின்றது. "புதுப்பயலுக்குப் பாட்டை முடிக்கத் தெரியல" என்பார் செருப்புக்கடை ஹபீப் முகம்மது. வாத்தியார் பாக்கியசீலன் மட்டும் மறுத்தார். "அவன் இனிமேதான் ஏறப் போறான்வே. எங்கனயோ பாட்டு மிச்சம் இருக்கு."

"மிச்சம் உம்ம காதுலதான் இருக்கு, அழுக்கு" என்றார் நாறும்பூநாதன். எல்லாரும் சிரித்தார்கள். பாதி டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்துபோன பாக்கியசீலன், வள்ளியூருக்கு மாற்றலாகி மூன்று வருடமாகியும் கடைப்பக்கம் திரும்பி வரவில்லை.

போன மாதம் பம்பாய்க்காரர் ஒருவர் அதே ஆல்பத்தின் அசல் கேசட்டைப் பிரதியெடுக்கக் கொடுத்தார். வழக்கமாக அறுகிற இடத்தில் பாட்டு அறவில்லை. மேலும் ஒன்பது நிமிடம் ஓடியது. புதிய டிரம்மர் ஏறினார், ஏறிக்கொண்டே போனார். நாறும்பூநாதன் அலமாரியிலிருந்து தன் பழைய பிரதியை எடுத்தார். அட்டையில் அவருடைய கையெழுத்திலேயே '60' என்றிருந்தது. தொண்ணூறு நிமிட கேசட் கைவசமில்லாத அன்று, இரவல் அசலை அறுபதில் ஓடவிட்டு டீ குடிக்கப் போனது ஞாபகம் வந்தது. மற்றவர்களின் பிரதியெல்லாம் இதிலிருந்து எடுத்ததுதான்.

முழுதாக ஒரு பிரதி எடுத்தார். யாரும் அதன்மேல் வேறெதுவும் பதிந்துவிடாதபடி மேல்முனைப் பிளாஸ்டிக் துண்டு இரண்டையும் திருப்புளியால் உடைத்தார். மேசை இழுப்பறையில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

"அந்தப் புதுப்பய இருக்கானே..." என்று ஹபீப் இன்றும் ஆரம்பிக்கிறார்.

"விடும்வே."

"என்ன அண்ணாச்சி, கட்சி மாறிட்டீரோ?"

எதிரே, "வள்ளியூர், நாரோயில்" என்று நடத்துநர் கூவுகிறார். பழக்கமான ஆள்தான், கொடுத்தால் பாக்கியசீலனின் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுவார். நாறும்பூநாதன் இழுப்பறையிலிருந்து கேசட்டை எடுத்துக்கொண்டு கடைவாசல் வரை போகிறார். திரும்பி வந்து உட்கார்ந்து பென்சிலைச் செருகுகிறார். எப்போதோ முதலுக்கு வந்து இறுகிவிட்ட நாடா. பென்சில் அசையவில்லை. பஸ் கண்ணுக்கு மறைகிறவரை திருகிக்கொண்டே இருக்கிறார்.