பளபளப்பு போன தரை

தரைக்குப் பாலிஷ் போடுகிறவர் அவர். அவர் தேய்த்த கல்லில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். தன் வீட்டுக் கூடத்தைக் கேட்கவே வேண்டாம். அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை. கோபமோ மூக்குக்கு மேல்.

வீட்டில் பதின்மூன்று வயது நாய் ஒன்று. எல்லோருக்கும் அது ‘பெரியவர்’. அந்தத் தரையில் பெரியவர் வழுக்கி விழ ஆரம்பித்தார். பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தார். போதாக்குறைக்குக் கூடத்திலேயே மூத்திரம்.

“கொழுப்பு, வேறென்ன?” என்பார் பாலிஷ்காரர். ஈரத்தைக் கண்டால் செருப்பால் இரண்டு வைத்து, பின்கட்டில் தள்ளிக் கதவைச் சாத்துவார். மனைவி சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது?

ஒருநாள் காலையில் பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா முன்னங்கால் பாதத்தை மடக்கி வைத்தார். நாய் சட்டென்று நிமிர்த்திக்கொண்டது. பின்னங்காலை மடக்கினார். மடக்கியது மடக்கியபடியே கிடந்தது.

“கால் எங்க இருக்குன்னே இதுக்குத் தெரியல. முதுகுத்தண்டுல நரம்பு நசுங்கியிருக்கு. மூத்திரத்தையும் அடக்க முடியாது. எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு நாளாத்தாங்க.” பாலிஷ்காரர் கூசாமல் சொன்னார்.

“ரெண்டு நாள்ல நகம் இவ்வளவு தேயுமா?”

தரையின் தேய்மானத்தைப் பார்த்து நாள் சொல்வதுதான் அவர் பிழைப்பு. அவரிடமே இந்தக் கேள்வி. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாலிஷ்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது.

“ரெண்டு மாசமாச்சும்மா. திமிருன்னு நெனச்சு அடிச்சுட்டேன்.”

டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரை எழுதினார். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கி நடக்க வைக்கச் சொன்னார். “வழுக்குற தரை ஆகவே ஆகாது. முன்னாடியே வந்திருக்கலாம். நடக்குமான்னு மூணு வாரம் பாப்போம்.”

அன்றே பாலிஷ்காரர் சொரசொரப்பான கல்லை எடுத்து முட்டி போட்டு உட்கார்ந்தார். படுக்கையிலிருந்து வாசல்வரை பளபளப்பைத் தன் கையாலேயே தேய்த்துக் கெடுத்தார்.

“இப்பதான் பாக்க வீடு மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி.

மூன்றாம் வாரம், துண்டின் தாங்கலில் பெரியவர் ஆறு அடி வைத்தார். வழுக்கவில்லை. பாலிஷ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழாவது அடியில் மூத்திரம் ஒழுகியது.

இந்தத் தடவை யாரும் அதட்டவில்லை. பெரியவர் ஈரத்தை முகர்ந்தார். காதை மடித்துக்கொண்டு திரும்பினார். கால்களை இழுத்தபடி தானாகவே பின்கட்டுக்குப் போய்ச் சுவரோரம் ஒடுங்கினார்.

“இல்லப்பா, வா,” என்று பாலிஷ்காரர் கூப்பிட்டார். வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, தடவிக்கொடுக்கக் கையை நீட்டினார்.

பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.