பாதிப் பாவில் அறுத்த தறி

1. முதலில் வீட்டுக்குப் போகிறவன்

நூல் விலை ஏறினால் எங்கள் தொழிலில் முதலில் வீட்டுக்குப் போகிறவன் பாவு பிணைக்கிறவன்தான். நெய்கிறவருக்குத் தறியில் மிச்சம் இருக்கிற பாவு தீரும்வரை வேலை உண்டு. புதுப்பாவு வந்தால்தான் எனக்கு வேலை.

தறி பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகள் மொத்தமும் சேர்ந்ததுதான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அதன் வாலைத் தறியிலேயே விட்டு வைப்போம். புதுப்பாவின் ஒவ்வொரு இழையையும் அந்த வாலின் இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கவேண்டும். இதுதான் பாவு பிணைப்பது. சேலைப் பாவென்றால் மூவாயிரம் இழைக்குப் பக்கம் வரும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் இழை எடுத்துக் கொடுக்க மற்றவர் முறுக்குவார். இந்த வேலையைச் சங்கரன்கோவிலில் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தேன். அதனால் ஊரில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். அது எவ்வளவு பெரிய பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் நூல் விலை கண்டபடி ஏறியது. காலையில் கேட்ட விலை மதியம் இல்லை. நூல்கடைக்காரர் சரக்கை உள்ளே வைத்துக்கொண்டே நாளைக்கு வாருங்கள் என்பார். நெய்த சேலையை எடுக்க வியாபாரிகள் வரவில்லை. போதாக்குறைக்கு மின்வெட்டு வேறு. ஒவ்வொரு தறிக்கூடமாகப் பூட்டு விழுந்தது. சிலர் திருவேங்கடம் பக்கம் தீப்பெட்டி செய்யும் ஆபீசுக்கு வேலைக்குப் போனார்கள். சிலர் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். வீட்டில் உட்கார்ந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று காலையிலேயே வெளியே கிளம்பிவிடுவேன். டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பேன். பிறகு ஸ்டேஷன் ரோட்டில் நடந்துகொண்டே, யாராவது கிடைத்தால் நாடு போகிற போக்கைப் பற்றிப் பேசுவேன். எனக்கு இருந்தது வெறும் பயம். ஆனால் அன்று அதை நான் விவரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. கோமதிநாயகத்தின் தறி

பாவு பிணைக்கையில் என் எதிரில் உட்காருகிறவன் கோமதிநாயகம். கோமதி என்றுதான் கூப்பிடுவேன். என் வயசுக்காரன். பெண்டாட்டி பேச்சியம்மாவின் சங்கிலியை விற்று, பழைய விசைத்தறி ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டிருந்தான். தறி வந்த பிறகு குடும்பத்துக்குச் சமையலறையில்தான் படுக்கை. என்னோடு வேலை இல்லாத நேரமெல்லாம் தறி ஓட்டுவான். பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலைப் பேச்சியம்மா சின்னக் குழலில் தாராகச் சுற்றிக் கொடுக்கும். கூலிக்காரன் ஒருவன் சொந்தத் தறிக்காரன் ஆவது எங்கள் தெருவில் சாதாரண விஷயம் இல்லை.

ஊரே அல்லாடிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் பதறாமல் இருந்தான். தறியில் பாதிப் பாவு இருந்தது. அதை நெய்து முடிக்கிற அளவுக்கு ஊடை நூலும் வீட்டில் இருந்தது. கரண்டு வரும்போது ஓட்டுவான், போனால் வாசலில் உட்கார்ந்து பேச்சியம்மாவோடு பேசிக்கொண்டிருப்பான். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக வந்தது. நான் இப்படி அலைகிறேன், இவனுக்கு என்ன என்று இருந்தது.

அந்த வாரம் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி லாரியோடு வந்திருந்தார். பூட்டிய கூடங்களில் தறிகளை எடைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நான் நேராகக் கோமதி வீட்டுக்குப் போனேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு நூல் இறங்காது, அடுத்த மாதம் இந்த விலைக்குக்கூட ஆள் வராது, கையில் கொஞ்சம் இருந்தால் பிள்ளைகளுக்காவது ஆகும் என்று மந்திரி மாதிரி அடுக்கிக்கொண்டே போனேன்.

கோமதி தறியை நிறுத்தாமலே கேட்டான். கரண்டு போன பிறகுதான் பேசினான்.

“மூணு நாளு பொறு வே. இந்தப் பாவ ஓட்டி முடிச்சிருதேன். பொறவு பாப்போம்.”

மூன்று நாள் கழித்து எடுத்துக்கொள்வீர்களா என்று நான் வியாபாரியிடம் போய்க் கேட்டேன். மதியம் லாரி கிளம்புகிறது, இந்தப் பக்கம் திரும்ப வருகிற யோசனை இல்லை என்று அவர் சொன்னார். திரும்ப ஓடிவந்து அதைச் சொன்னேன். கோமதி பேச்சியம்மாவைப் பார்த்தான். அது தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பியது.

“அண்ணாச்சி நமக்குக் கெடுதல் சொல்லமாட்டாக,” என்றது.

3. பிளேடு

ஓடுகிற பாவை நடுவில் அறுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. எவ்வளவு அவசரம் என்றாலும் நெய்து முடித்துவிட்டுத்தான் தறியில் கை வைப்போம். அன்று கோமதியால் முடியவில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு தறிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டான். நான்தான் அவன் கையிலிருந்து எடுத்து அறுத்தேன். முறுக்கிச் சேர்க்க ஒரு பகல் முழுக்க வேண்டியிருந்த மூவாயிரம் இழை. அறுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தறியை முழுசாக வெளியே கொண்டுவர வாசல் இடம் கொடுக்கவில்லை. வியாபாரியின் ஆட்கள் சம்மட்டியால் அங்கேயே உடைத்தார்கள். எடைக்குப் போகிற இரும்புதானே, முழுசாக இருந்தால் என்ன, துண்டாக இருந்தால் என்ன என்றார்கள். பேச்சியம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் பக்கம் போய்விட்டது. தறி விற்ற காசு அரிசிக்கும் கடனுக்குமாகத் தை பிறப்பதற்குள் கரைந்துபோனது.

4. விலை இறங்கியது

மாசியில் நூல் விலை இறங்கியது. ஏன் ஏறியது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஏன் இறங்கியது என்றும் சொல்லவில்லை. கூடங்கள் வரிசையாகத் திறந்தன. எல்லாத் தறிக்கும் புதுப்பாவு ஏறவேண்டும் என்பதால் முதலில் கூப்பிட்டு அனுப்பியது என்னைத்தான். யோசித்துப் பார்த்தால் நான் எதையும் இழக்கவில்லை. விற்பதற்கு என்னிடம் எதுவும் இல்லையே. அதனால்தான் விற்கச் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

பழைய தறியின் விலை அவனுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கோமதி பெரிய கூடம் ஒன்றில் கூலிக்கு நெய்யப் போனான். பாவு பிணைக்க ஆள் தேவைப்பட்டால் முன்புபோல என் எதிரில் வந்து உட்கார்ந்தான். ஒரு வருஷம்போல அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்தது. கடைசியில் நானே கேட்டேன், என் மேல் கோபம் உண்டா என்று. அவன் இழை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னான்.

“நீயும் பயந்த, நானும் பயந்தேன். ஒம் பயத்த நீ புத்தின்னு சொன்ன. நான் நம்பிட்டேன். ஒன்ன மட்டும் சொல்லி என்ன செய்ய.”

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை நூல் விலை ஏறியது, கூடங்கள் பூட்டின. தறியை விற்றுவிடலாமா என்று சின்ன வயசுத் தறிக்காரர்கள் என்னிடம் கேட்க வருவார்கள். விற்காதே என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தறியில் இருக்கிற பாவை ஓட்டி முடித்துவிட்டு வா, அப்புறம் பேசுவோம் என்று மட்டும் சொல்வேன். அநேகம் பேர் திரும்பி வரவில்லை. ஒருவன் சொன்னபடி முடித்துவிட்டு வந்தான், ஆனாலும் விற்றான். அவனுக்கு வேறு வழி இல்லை. பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதமாட்டேன். கெட்ட காலத்தில் மூன்று நாள் கேட்கிறவனுக்கு அந்த மூன்று நாளைக் கொடுங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

கோமதி கூலித்தறியிலேயே இருந்து, நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்து சில நாள் கழித்துப் பேச்சியம்மாவைப் பார்க்கப் போனேன். முன்னறையில் தரை முழுக்கச் சிமெண்டு பூசியிருந்தது. தறி நின்ற இடத்தில் மட்டும் போல்ட் இறங்கிய நாலு குழிகளும் அப்படியே இருந்தன. நான் பார்ப்பதை அது கவனித்துவிட்டது.

“அவுக பூசவிடல அண்ணாச்சி. பூசிட்டா பொறவு தறி வாங்குனா மறுபடி தோண்டணும்லா, கெடக்கட்டும்னு சொல்லிட்டாக.”

குழிகளை மிதிக்காமல் சுவர் ஓரமாகச் சுற்றிப்போய் உட்கார்ந்தேன்.